பாசோ ஹோண்டோ பள்ளித் தோட்டத்தில் வசந்தம் வந்து என் மானம் போன கதை

பாசோ ஹோண்டோ,
செப்டம்பர், செவ்வாய்க்கிழமை.

மாண்புமிகு மச்சான் எபர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவனும் பள்ளிப் பெற்றோர் சங்கத்தின் தலைவனுமான டார்டோ வணக்கத்துடன் எழுதுவது. இங்கே என் ஒருவனைத் தவிர எல்லோரும் நலம். தங்கள் நலத்தையும் தங்கள் சிமென்ட் கலவை லாரியின் நலத்தையும் அறிய ஆவல். லாரியின் நலத்தை முதலில் எழுதவும். டெலிபோனில் பேசலாமே என்பீர்கள். பேசலாம்தான், உங்கள் தங்கை பக்கத்தில் நின்று காது கொடுக்காமல் இருந்தால்.

ஜூலை மாதக் குளிரில் நடந்த கூட்டத்தில் நான் சொன்னது இவ்வளவுதான்: இந்தத் தோட்டத்தில் சேறு தவிர எதுவும் முளைக்காது, பேசாமல் சிமென்ட் போட்டு நல்ல விளையாட்டுத் தளமாக்கிவிடுவோம். எல்லோரும் கை தட்டினார்கள். உடனே நெல்பா டீச்சர் எழுந்து, செப்டம்பரில் வசந்தம் வரட்டும், உயிருள்ள அறிகுறி ஒன்றுகூடத் தெரியாவிட்டால் தாராளமாகப் போடுங்கள் என்றார். அந்தச் சேற்றைப் பார்த்தவன் எவனும் சரி என்றுதான் சொல்வான், நானும் சொல்லித் தொலைத்தேன். சொன்ன கையோடு பாதித் தோட்டத்தில் ஜல்லியும் கொட்டி, நானே வாரியால் இழுத்துச் சமமாகப் பரப்பினேன். அன்றிலிருந்து நாலாம் வகுப்பில் படிக்கும் என் அருமை மகள் ஹசிந்தா என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டு மேஜையில் அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு தட்டுதான் தூரம். இருந்தும், "அம்மா, உன் வீட்டுக்காரர்கிட்ட உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்கிறாள். உங்கள் தங்கையும் அதை ஒரு எழுத்து மாறாமல் எனக்குச் சொல்கிறாள். நான் தள்ளுகிறேன். தலைவன் பதவியின் அதிகாரம் இப்போது உப்புவரைக்கும்தான் செல்லுபடியாகிறது.

ஆகஸ்டில் பீச் மரம் பூத்தது. மரம் பள்ளியுடையது, பூத்த கிளை பக்கத்து வீட்டுச் சுவர்மேல் இருக்கிறது, ஆகவே அது பக்கத்து வீட்டு வசந்தம் என்று தீர்ப்புச் சொன்னேன். அப்புறம் அவரைக்கொடி பூத்தது. அவரைக்கொடி ஜெயிலில் போட்டாலும் பூக்கும், அதை ஒரு அறிகுறியாக எடுத்துக்கொள்ள முடியாது என்றேன். நெல்பா டீச்சர் மாத்தே டீயை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே நான் உஷாராகியிருக்க வேணும்.

ஏன்னா அடுத்து வந்தது ஆள்காட்டிக் குருவி. நம்ம தேரோதான் மச்சான், உலகத்துல தனக்குத்தான் பட்டா இருக்குன்னு நினைக்கிற அதே பறவை. அவரைப் பாத்தியில நின்னுகிட்டு, போறவன் வர்றவனையெல்லாம் திட்டித் தீர்த்தது. தேரோ ஒரு பக்கம் கத்தும், முட்டை இன்னொரு பக்கம் இருக்கும்னு இந்த ஊர்ல தொட்டில் குழந்தைக்கும் தெரியும். சங்கத்துக்குத் தெரியாதா? அதனால நாங்க அறிவாளிகள் எல்லாரும் அவரைப் பாத்தியை விட்டுட்டு, உரக்குழி, கோழிக்கூண்டு, பீச் மரத்தடின்னு குனிஞ்சு குனிஞ்சு தேடினோம். பொருளாளர் எவரில்டோவுக்கு இடுப்பு பிடிச்சு இன்னும் நிமிரலை. கடைசியில முட்டை எங்கே இருந்துச்சு தெரியுமா? என் ஜல்லியில. நான் காசு கொடுத்து வாங்கி, நானே இழுத்துப் பரப்பின ஜல்லியில. முட்டையும் அச்சு அசல் ஜல்லி நிறம். கண்டுபிடிச்சது யாருன்னு கேட்கிறீங்களா, உங்க மருமகதான். என்னைத் தவிர ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கா. இத்தனை வருஷமா அந்தத் தோட்டத்துல கூடு கட்டாத பறவையை நான்தான் மெத்தை போட்டு வரவழைச்சேனாம், நெல்பா டீச்சர் எனக்கு நன்றித் தீர்மானம் போடப்போறாங்களாம்.

வருஷா வருஷம் ஆகஸ்ட் கடைசியில வர்ற சான்டா ரோசா புயல் வந்தா முட்டையை அடிச்சுக்கிட்டுப் போயிடும்னு ஆண்டவன்மேல பாரத்தைப் போட்டுக் காத்திருந்தேன். புயலும் வந்தது. என் வீட்டுக் கூரைத் தகரத்தை எடுத்துக்கிட்டுப் போச்சு. முட்டை வச்ச இடத்துல இருந்துச்சு.

ஆகவே மச்சான், வியாழக்கிழமை பள்ளி திறப்பதற்கு முன்பே லாரியைத் தவறாமல் அனுப்பவும். முட்டைகளை நாளைக் காலையில் நானே தொப்பியில் எடுத்து எவரில்டோவின் வயலில் பத்திரமாக வைத்துவிடுகிறேன், நான் ஒன்றும் அரக்கன் இல்லை. போகிற வழியில் இந்தக் கடிதத்தையும் உங்கள் ஊர் பஸ் டிரைவரிடம் கொடுத்துவிடுவேன். பறவைக்கும் பெண்பிள்ளைக்கும் பயந்து பின்வாங்கினான் டார்டோ என்று இந்த ஊர் பேசக்கூடாது. தங்களுக்கும் குழந்தைகளுக்கும் சகல சௌபாக்கியங்களும், லாரிக்கு நல்ல டயர்களும் அமைய வாழ்த்தும்,

தங்கள் மைத்துனன்,
டார்டோ சில்வெய்ரா,
தலைவர் (இன்றுவரை).

பின்குறிப்பு: இதைப் புதன்கிழமை காலையில் ஜல்லி நடுவில் நின்றபடி, உள்ளங்கையில் வைத்து எழுதுகிறேன், கையெழுத்தை மன்னிக்கவும். நான் வந்தபோது முட்டை இல்லை, ஓடுதான் கிடந்தது. தாய் ஒரு சத்தம் போட்டதும் குஞ்சுகள் நாலு பக்கமும் ஓடி, அங்கங்கே அப்படியே படுத்துவிட்டன. படுத்தபின் எது குஞ்சு, எது ஜல்லி என்று எனக்குத் தெரியவில்லை. காலை எங்கே எடுத்து வைப்பது? தூக்கின காலை அதே இடத்தில் வைத்துவிட்டு நிற்கிறேன். விடிந்ததிலிருந்து அந்தத் தாய் என் தலையிலேயே அடிக்கிறது. தொப்பி எங்கேயோ போய்விட்டது. இப்போது மணியும் அடித்து, வெள்ளை அங்கியும் நீல ரிப்பனுமாகச் சீருடையில் பள்ளிக்கூடமே வேலியோரம் நிற்கிறது. ஒருத்தரும் சிரிக்கவில்லை மச்சான், சிரித்திருந்தால்கூடத் தேவலை. ஹசிந்தா மட்டும் வேலியைத் தாண்டி, மெதுவாகக் குனிந்து பார்த்துக்கொண்டே பக்கத்தில் வந்தாள்.

"அப்பா, அசையாத. உன் இடது கால்கிட்ட ஒண்ணு இருக்கு" என்றாள்.

அப்பா என்றாள் மச்சான். ஜூலைக்கப்புறம் இன்றைக்குத்தான். கடிதத்தை பஸ்ஸுக்கு அவளே கொண்டுபோகிறாளாம். லாரி வேண்டாம். நான் அசையவில்லை.