நீளம் போதாத பாலே

"நீளம் போதாதாம்" என்று சொல்லி, பாலே நடனம் போடும் பெலிகன் கொட்டகையின் முதலாளி பெல்லாமி அந்தக் கடிதத்தைத் தையல் மேசையில் செத்த எலியை வைப்பதுபோல வைத்தார்.

உடையறைத் தலைவி ஹெப்சிபா ட்ரிக் வாயிலிருந்த ஏழு குண்டூசிகளையும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் படித்தாள். எழுதியவர் மாஜிஸ்திரேட் சர் நதானியல் க்ரோப். லண்டனில் அந்த வட்டாரத்து ஆட்டக் கொட்டகைகளுக்கு வருஷா வருஷம் உரிமம் கொடுக்கிறவர். பெலிகனுக்கு உரிமம் புதுப்பிக்கும் நாள் வருகிற சனிக்கிழமை.

'உங்கள் பாலேயின் நீளம் போதவே போதாது. என் போன்றவனுக்கு இது பெரும் அவஸ்தை. உடனே நீட்டவும்.'

"எதை நீட்டணும்னு எழுதலையே சார்?"

"மானமுள்ள மனுஷன் அதை எழுதுவானா? பாவாடைம்மா, பாவாடை!"

அந்த வருஷம் லண்டனில் நீளம் என்றால் அது ஒன்றுதான். முந்தைய தலைமுறையில் கெண்டைக்காலில் நின்ற வலைத்துணிப் பாவாடையை மிலானிலிருந்து வந்த ஆட்டக்காரிகள் முழங்காலுக்கு மேலே கொண்டுபோயிருந்தார்கள். பாவாடை ஒரு விரற்கடை ஏறினால் பாதிரிமார் குரல் ஒரு சாண் ஏறியது. பாரிசிலிருந்து வந்த பெண்கள் அந்தப் பாவாடையை 'டூட்டூ' என்பார்கள். அர்த்தம் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், சொல்ல மாட்டார்கள்.

"உரிமம் போச்சுன்னா முதல்ல வெளியே போறது உன் கத்திரிக்கோல்தான்" என்றார் பெல்லாமி.

ஹெப்சிபா கத்திரிக்கோலை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். வேறு கொட்டகைக்கும் போக முடியாது. பதினோரு வருஷத்துக்கு முன் ஓர் அவசரத்தில் அரசர் வேஷக்காரருடைய அங்கியில் கழுதை வாலை வைத்துத் தைத்தவள் அவள். அந்தப் புகழ் தேம்ஸ் நதியின் இரு கரைக்கும் எட்டியிருந்தது.

அன்றைக்கே உட்கார்ந்து, பன்னிரண்டு அடுக்கு வலைத்துணியிலும் ஒரு சாண் கூட்டித் தைத்தாள். நன்றாகக் கஞ்சி போட்டு விறைக்க வைத்தாள். நட்சத்திர ஆட்டக்காரி ஓர்சோலா பெவிலாக்வா அதைக் கட்டிக்கொண்டு நின்றபோதுதான் விஷயம் புரிந்தது. நீட்டிய சாண் கீழே இறங்கவில்லை, பக்கவாட்டில் போய்விட்டது. ஓர்சோலா ஒரு பெரிய தட்டின் நடுவே மாட்டிக்கொண்டவளைப் போல இருந்தாள்.

இளவரசன் வேஷம் கட்டும் வினிஃபிரெட் அவளைத் தூக்க வந்தாள். தட்டைச் சுற்றி ஒரு வலம் வந்தாள். கையை நீட்டிப் பார்த்தாள்.

"இடுப்புக்குக் கை எட்டலடீ!"

"அப்ப அங்கிருந்தே காதலி!"

எட்டத்திலிருந்து காதலித்தால் பின்வரிசைக்காரர்கள் சண்டை என்று நினைப்பார்கள். ஆகவே ஆட்ட வாத்தியார் காதல் காட்சி முழுவதையும் வெட்டினார். பன்னிரண்டு நிமிஷ பாலே அன்று மாலை எட்டு நிமிஷமாக நடந்தது.

புதன்கிழமை இரண்டாவது கடிதம் வந்தது.

'நீட்டச் சொன்னேன். முன்பைவிடக் குறைத்திருக்கிறீர்கள். என்ன துணிச்சல்!'

"குறைச்சேனா? ஒரு சாண் கூட்டியிருக்கேன் சார்! வேணும்னா டேப்பைப் பிடிச்சுப் பாருங்க!"

"டேப்பு எதுக்கு? குடையாட்டம் விரிஞ்சு நிக்குது, இன்னும் மேலதான் தெரியுது. நீட்டித் தைச்சுக் குட்டையாக்கின ஒரே ஆளு உலகத்துல நீதான் தாயே!"

ஹெப்சிபா கஞ்சியை அலசிவிட்டாள். விளிம்பு தொங்க வேண்டுமே என்று, முதலாளி வாத்து வேட்டைக்கு வைத்திருந்த ஈயக் குண்டுகளை ஒரு கிண்ணம் எடுத்துவந்து, அடி விளிம்பில் வரிசையாக வைத்துத் தைத்தாள். ஓர்சோலா நின்றாள், பாவாடை அடக்கமாகத் தொங்கியது. நடந்தாள், அப்போதும் தொங்கியது.

மாலையில் சுழன்றாள்.

ஆறாவது சுழற்சியில் தையல் விட்டது. முதல் குண்டு வாத்தியக் குழுவில் ஊதுகொம்புக்காரருடைய வழுக்கையில் பட்டு, பித்தளைத் தாளத்தில் மோதி, சரியான சுருதியில் ஒலித்தது. அதற்குப் பிறகு வந்தவற்றுக்குச் சுருதி சேரவில்லை. குழுத் தலைவர் மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டார், அவருடைய கோல் மட்டும் மேலே தெரிந்து தாளம் போட்டது. மாடத்திலிருந்த ஒருவர், "அப்படித்தாம்மா, இன்னொரு சுத்து!" என்று கத்திவிட்டு, தொப்பி பறந்ததும் உட்கார்ந்தார்.

சுழற்சிகள் எல்லாம் வெட்டப்பட்டன. பாலே நாலு நிமிஷத்துக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை காலை மூன்றாவது கடிதம் வந்தது.

'மேலும் குறைந்துவிட்டது! இன்று மாலையும் வருவேன். இதே கதி என்றால் உரிமத்தை மறந்துவிடுங்கள்.'

பெல்லாமி கத்தவில்லை. கத்திரிக்கோலை எடுத்து, உறையில் போட்டு, ஹெப்சிபாவின் கையில் கொடுத்தார். "சாயங்காலம் வரைக்கும் உன்கிட்ட இருக்கட்டும்" என்றார்.

இனி சாண் கணக்கு உதவாது என்று ஹெப்சிபா முடிவு செய்தாள். கொட்டகையில் இருந்த வலைத்துணி அத்தனையையும் சேர்த்துத் தரை வரைக்கும் பாவாடை தைத்தாள். அது சாயாமல் சரியாமல் நிற்க, இரண்டு பங்கு கஞ்சி. ஓர்சோலாவை ஏணி வைத்து மேலிருந்து உள்ளே இறக்க வேண்டியிருந்தது.

"இது பாவாடையா, கூடாரமா? என் முழங்காலுக்கு மிலான்ல தனியாக் கைதட்டுவாங்க, தெரியுமா?"

"இன்னிக்கு ஒரு நாள் முழங்காலுக்கு லீவு விடுங்கம்மா. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கிறேன்."

"எங்க பிடிப்பே? காலே காணோமே!"

திரை ஏறியது. ஓர்சோலா கோயில் மணிக்குள் நாக்கு போல அசைந்து அசைந்து நடுமேடைக்கு வந்தாள். எதிரே வந்த வினிஃபிரெட் பக்திப் பரவசத்தில் பாவாடை விளிம்பை நன்றாக மிதித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கணம் பார்த்து ஓர்சோலா தன் புகழ்பெற்ற தாவலைத் தாவினாள்.

ஓர்சோலா தாவினாள். பாவாடை தாவவில்லை.

இறுக்கமான உள்காலுறையோடு அவள் மேடையின் மறுகோடியில் போய் இறங்கினாள். பாவாடை நின்ற இடத்திலேயே கம்பீரமாக நின்றது. வினிஃபிரெட் தொழில் தெரிந்தவள், பாவாடைக்கு முன்னால் மண்டியிட்டு மோதிரத்தை நீட்டினாள். சபை எழுந்து நின்று கைதட்டியது. யாரோ திரையை இறக்கினார்கள். மொத்தம் நாற்பது விநாடி. நீளத்தைக் கூட்டிக் கூட்டி, கடைசியில் பாவாடையே இல்லாத பாலேயைப் பெலிகன் அரங்கேற்றிவிட்டது.

ஹெப்சிபா மாஜிஸ்திரேட்டின் தனி மாடத்துக்கு ஓடினாள். அங்கே அவர் மனைவி க்ரோப் சீமாட்டி மட்டும் உட்கார்ந்து கைக்குட்டையை ஆட்டி ஆரவாரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலி காலி.

"அவரா? காத்து வாங்கப் போயிருக்கார்ம்மா. பாலேன்னாலே அவருக்கு மூச்சு முட்டும், பாவம்."

ஹெப்சிபா படிகளில் இறங்கிப் பக்கவாசலுக்கு ஓடினாள். சர் நதானியல் எதிரே வந்தார். முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது. கண்களில் நீர். வாய் திறந்தபடியே இருந்தது, அதிலிருந்து 'ஹூ, ஹா' என்று காற்றுத்தான் வந்தது. அவமானம் ஒரு மனிதனைப் பேச்சு மூச்சில்லாமல் ஆக்கும் என்று அவள் கேள்விப்பட்டதுண்டு, இப்போதுதான் பார்த்தாள்.

"மன்னிச்சிடுங்கய்யா! பார்க்கக் கூடாததைப் பார்த்துட்டீங்க. எல்லாம் என் கையாலதான்!"

அவர் அவளைக் கையால் விலக்கிவிட்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி மாடத்துக்கு ஓடினார்.

ஹெப்சிபா வாசற்படியில் பொத்தென்று உட்கார்ந்தாள். நடைபாதையில் தகர அடுப்போடு சுட்ட உருளைக்கிழங்கு விற்கும் ஒபதியா, ஒரே ஒரு கடி கடித்த கிழங்கொன்றை ஆவி பறக்கப் பறக்கக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"யாருக்கம்மா அழுவுற?"

"மாஜிஸ்திரேட்டு பாலேயைப் பார்த்துட்டாருய்யா. என் பொழப்பு போச்சு."

"யாரு, க்ரோப் ஐயாவா பார்த்தாரு?" என்றான் ஒபதியா. "வீட்டுக்காரம்மா மேடையை விட்டுக் கண்ணெடுக்காத நேரமாப் பார்த்து வெண்ணெய் தடவின கிழங்கு தின்ன இங்கதானே ஓடி வருவாரு! 'பாலேயை இன்னும் கொஞ்ச நேரம் நீட்டுங்கடான்னு மூணு கடுதாசி போட்டுட்டேன், கிழங்கு ஆறுறதுக்குள்ள முடிச்சுத் தொலைக்கிறானுங்களே'ன்னு தினம் என்கிட்டத்தானே அழுவுறாரு!"