மன்சூருக்குச் சமைக்கத் தெரியாது

மன்சூர் துபாயை விட்டு ஒரேயடியாக ஊர் திரும்பியபோது ஒரு தீர்மானத்தோடு வந்து இறங்கினான். இனி ஆயுசுக்கும் வீட்டு வேலை என்று ஒரு டம்ளரைக்கூடத் தூக்குவதில்லை.

தென்காசி வீட்டில் அது சுலபமாக நடந்தது. உம்மா, அண்ணன்மார் கட்டின ரெண்டு மைனிமார், பெண்டாட்டி நஸீபா என்று நாலு பெண்கள் ஓடியாடுகிற, பதினாலு பேர் கொண்ட வீடு. அங்கே ஒரு ஆண்பிள்ளை அடுப்படிக்குள் நுழைந்தால் எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று அர்த்தம். உட்கார்ந்த இடத்துக்கு நாலு திசையிலிருந்தும் சாயா வந்தது.

நாலாவது மாதம் நஸீபா மேலகரத்தில் ஒரு வாடகை வீடு பார்த்துவிட்டாள்.

"நாம ரெண்டே பேரு. வேலையப் பாதிப் பாதியாப் பார்ப்போம்."

"எனக்கு வெந்நி வைக்கக்கூடத் தெரியாதுட்டி!"

"பழகிக்கிடலாங்க."

மன்சூர் மறுக்கவில்லை. ஒரே வாரம் வீட்டை நாறடித்தால் அவளே மூட்டையைக் கட்டிவிடுவாள் என்று கணக்குப் போட்டான். திங்கட்கிழமை பாலைப் பொங்கவிட்டான். செவ்வாய்க்கிழமை சாயாவில் உப்புப் போட்டான். புதன்கிழமை வெள்ளை வேட்டியையும் நஸீபாவின் சிவப்புத் துப்பட்டாவையும் ஒன்றாக ஊறப்போட்டு, ரோஸ் கலர் வேட்டியில் பள்ளிவாசலுக்குப் போய்வந்தான். அவள் அந்த வேட்டியையும் மடித்து அலமாரியில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை, துபாயில் அவனோடு ஒரே ரூமில் இருந்த ஹுஸைஃபா, குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு சாப்பிட வந்தான். நஸீபா நெய்ச்சோறு ஆக்கப் போனாள்.

"ஏட்டி, உலை கொதிச்சிட்டா?" முன்னறையிலிருந்து கேட்டான் மன்சூர்.

"கொதிச்ச மாதிரிதான் இருக்கு. அரிசியத் தட்டிரட்டா?"

"மாதிரியா?"

"பட்டை கிராம்பெல்லாம் கடைசியாத் தூவுனாப் போதும்லா?"

அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை. பாய்ந்துபோய்க் கரண்டியைப் பிடுங்கினான்.

"தள்ளுட்டி அங்கன! முதல்ல நெய்யில பட்டை பொரியணும்!"

கைலியை மடித்துக் கட்டினான். முக்கால் மணி நேரத்தில் தெருவே மணத்தது.

ஹுஸைஃபா ஒரு வாய் வைத்தான். "அட, நம்ம ரூம் நெய்ச்சோறு! பன்னெண்டு வருசமா எட்டு பேருக்கு இவன்தானே ஆக்கிப்போட்டான்!"

மன்சூர் கண்ணைக் காட்டினான். ஹுஸைஃபாவின் கவனம் தட்டில் இருந்தது.

"தெரியும் அண்ணே," என்றாள் நஸீபா. "உங்க வீட்டுக்காரி மாஜிதா, ரூம்ல இவுக ஆக்குற வீடியோவப் போன மாசமே அனுப்பிட்டா."

மன்சூர் ரோஷத்தோடு எழுந்தான். "போதும். நாளைக்கே உம்மா வீட்டுக்குப் போறோம்."

"போவோமே. வீடியோவ அங்கனயும் எல்லாரும் பார்த்தாச்சு. 'அவனக் கூட்டிட்டு வா, பதினாலு பேருக்கும் அவனே ஆக்கட்டும்'னு உம்மாவும் மைனிமாரும் ஒத்தக்கால்ல நிக்குதாக."

மன்சூர் மறுபடி உட்கார்ந்தான்.

"ஏட்டி, இந்த வீட்டு அக்ரிமெண்ட் எத்தன மாசத்துக்கு?"

"பதினோரு மாசம்."

"பத்து வருசம்னு மாத்தி எழுதச் சொல்லு."