இரண்டாவது புகைக்குழாயின் மூடி

"ஒண்ணு குறையுது!"

பல் டாக்டர் போட்ட கூச்சலில், வெளியே வரவேற்பு மேஜையில் இருந்த அவர் மனைவி, யாருக்கோ பல்லை மாற்றிப் பிடுங்கிவிட்டார் என்று பதறிப்போய் உள்ளே ஓடி வந்தாள்.

நோயாளி நாற்காலியில் டாக்டரே கால் நீட்டிச் சாய்ந்திருந்தார். மடியில் லாரி.

பொடிப்பொடியான பிளாஸ்டிக் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பொருத்திக் கட்டிய பொம்மை லாரி. வயிற்றில் மோட்டார். ரிமோட்டை அழுத்தினால் தானே ஓடும். பம்பர், கண்ணாடி, டீசல் டேங்க் எல்லாம் குரோம் பூச்சில் பளபளத்தன. டிரைவர் அறைக்குப் பின்னால் இரண்டு புகைக்குழாய்கள். ஒவ்வொன்றின் உச்சிக்கும் ஒரு குரோம் மூடி உண்டு. அதன் தலையில் கம்பெனியின் குட்டி நட்சத்திர முத்திரை. இப்போது ஒரு குழாய் மூடியோடு இருந்தது. இன்னொன்று மொட்டைத் தலையோடு நின்றது.

"என்னங்க குறையுது?"

"மூடி! வக்கீல் வாயோட ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி, கடைவாய்ப் பல்லுக்கு ஸ்டீல் கேப் போட்டு அனுப்பிட்டு, ஆசையா வந்து உட்கார்ந்தேன். மிச்சமிருந்தது அந்த ஒரே ஒரு மூடிதான். அது இல்லை!"

"பாக்கெட்டைப் பிரிச்சப்ப எண்ணிப் பார்த்தீங்களா?"

"நான் எதுக்கு எண்ணணும்? எண்ணிப் போட வேண்டியது அவனுங்க! பட்டப்பகல் கொள்ளை!"

மனைவி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். இந்த விளையாட்டைக் கிளினிக்குக்குள் கொண்டுவர வேண்டாம் என்று அவள் சொல்லாத நாள் இல்லை. சொன்னது டாக்டரின் ஒரு காதில் நுழைந்து மறு காதில் போய்க்கொண்டிருந்தது.

"இதோ பாருங்க, சனிக்கிழமை எங்க அண்ணன் குடும்பத்தோட வர்றாரு. அதுக்குள்ள இந்த லாரி ஓடி, இடம் காலியாகணும். இல்லைன்னா இதையும், அலமாரியில அடுக்கி வச்சிருக்கிற அத்தனை பெட்டியையும் அண்ணன் பசங்ககிட்ட கொடுத்திடுவேன்."

டாக்டர் லாரியை மார்போடு அணைத்துக்கொண்டார். அந்தப் பையன்கள் கடிகாரத்தைக் கொடுத்தால் முள்ளைத் தனியாகத் திருப்பித் தருகிற ரகம். அலமாரியில் இருந்ததோ அவருடைய பத்து வருட ஆசை.

"நீ பெருக்கும்போது போயிருக்கும்" என்று சொல்லி, குப்பைக்கூடையைத் தரையில் கவிழ்த்தார். பஞ்சும் கையுறைகளும் சிதறிக் கிடக்க, அவற்றுக்கு நடுவே டாக்டர் நாலு காலில் தவழ்ந்தார். அந்த நேரம் பார்த்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்த ஒரு அம்மாள், "பரவாயில்லை டாக்டர், வலி நின்னுபோச்சு" என்று சொல்லி வந்த வழியே போய்விட்டாள்.

"பார்த்தியா? என் பிழைப்பிலயும் மண்ணள்ளிப் போட்டுட்டானுங்க!" என்றார் டாக்டர்.

மறுநாள் அவரே மூடி செய்யக் கிளம்பினார். பல்லுக்கு அச்செடுக்கும் பசையைக் குழைத்து, இருந்த ஒரு நல்ல மூடியை அதில் அழுத்தினார். பசை இறுகியது. மூடியைப் பிடுங்கியபோது, அதன் குரோம் பூச்சு பசையோடு தங்கிவிட்டது. கையில் வந்தது வெறும் கறுப்புப் பிளாஸ்டிக்.

"ஒண்ணு போச்சுன்னீங்க, இப்ப ரெண்டாச்சு" என்றாள் மனைவி.

"மட்டமான பூச்சு! இதையும் புகார்ல சேர்க்கணும்!"

அச்சு கிடைத்தது அல்லவா? அதில் பல் சிமெண்டை ஊற்றி, ஈரம் காயுமுன்பே மொட்டைக் குழாயின் தலையில் கவிழ்த்தார். கை கொஞ்சம் தாராளமாகிவிட்டது. வழிந்த சிமெண்ட் புகைக்குழாய் வழியாக இறங்கி, மோட்டாரின் பல் சக்கரங்களுக்குள் போய்க் குடியேறியது. ரிமோட்டை அழுத்தியதும் லாரி ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் சுழற்றி, செக்குமாடு போல வட்டமடித்து, 'கர்ர்' என்று முனகி நின்றது. இத்தனை வருடங்களாக எந்தப் பல்லிலும் அந்தச் சிமெண்ட் இவ்வளவு உறுதியாகப் பிடித்ததில்லை.

அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவி, "என்னங்க, ஸ்டீல் கேப் டப்பாவுல கணக்குக்கு மேல ஒண்ணு இருக்கு" என்றாள்.

"பல் சாமான் விக்கிறவன் கூடவே ஒண்ணு போட்டிருக்கான். அவன் மனுஷன்! இந்தப் பொம்மைக் கம்பெனிக்காரனும் இருக்கானே!" என்று சொல்லிக்கொண்டே கம்பெனிக்குப் போன் போட்டார்.

ஒரு பெண் தேன் குரலில் பேசினாள். "சார், எங்க பாக்கெட்டை எல்லாம் மெஷின்ல எடை பார்த்துதான் ஒட்டுறோம். குறைய வாய்ப்பே இல்லை. வீட்டுல நல்லாத் தேடிப் பாருங்க."

"தேடணுமா? நான் பல் டாக்டர்ம்மா! மயிரிழை பிசகாம வேலை செய்யறவன். என் கையில இருந்து ஒரு பொருள் காணாமப் போனதா சரித்திரமே கிடையாது!"

"சோபாவுக்கு அடியில பார்த்தீங்களா சார்?"

டாக்டர் போனை வைத்த வேகத்தில் மேஜை அதிர்ந்தது. சோபாவுக்கு அடியிலாம்! அவருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

வியாழக்கிழமை அந்தப் பக்கமாகப் போன வக்கீல் உள்ளே எட்டிப் பார்த்தார். பல்லைக் குடையும்போதே வேலித் தகராறு வழக்கை முழுவதும் சொல்லி முடித்த மனிதர் அவர். "டாக்டர், நீங்க போட்ட கேப் பிரமாதம்! பல்லு மேல ஒண்ணு இருக்கிறதே தெரியலை. அவ்வளவு லேசு!"

"அதான் கைராசி!" என்று பூரித்த டாக்டர், அந்தச் சூட்டோடு தமக்கு நேர்ந்த அநியாயத்தைக் கொட்டினார். வக்கீல் கண்கள் மின்னின.

"விடுங்க, நான் நோட்டீஸ் அனுப்பறேன். மூடியை மறைச்சது, மன உளைச்சல், சோபாவுக்கு அடியில தேடச் சொல்லி அவமதிச்சது. மூணு குற்றம்! எனக்குப் பீஸே வேண்டாம். இந்தப் பல்லுக்குக் கைம்மாறு!"

"கம்பெனி மன்னிப்புக் கேட்டே ஆகணும்!"

"எதுக்குங்க இவ்வளவு தூரம்?" என்று மனைவி இழுத்தாள். "ஒருவேளை இங்கேயே எங்கேயாவது..."

டாக்டர் துள்ளி எழுந்தார். "தப்பு என் பேர்லன்னு எவனாவது நிரூபிக்கட்டும்! இந்த லாரி, அந்த அலமாரி, மொத்தத்தையும் உன் அண்ணன் கார்ல நானே ஏத்திவிடறேன். வக்கீல் சார் சாட்சி!"

சனிக்கிழமை சாயங்காலம் அண்ணன் பையன்கள் இருவரும் லாரிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, எதை முதலில் பிடுங்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வக்கீல் கறுப்புக் கோட்டோடு வந்து நின்றார். நோட்டீஸைப் பார்த்த கம்பெனியிலிருந்து ஒல்லியான ஒருவர், தோள்பை நிறைய உதிரிபாகங்களோடு வந்து சேர்ந்தார். வந்தவர் வணக்கம் சொன்னார், கீழே உட்கார்ந்தார், சிமெண்டில் சிக்கிய மோட்டாரைக் கழற்றிப் புதியதை மாட்டினார். குழாய்களின் தலையில் இரண்டு புது மூடிகளைச் செருகினார்.

லாரி அழகாக ஓடி அறையைக் கடந்து சுவர் வரை போய்த் திரும்பியது. பையன்கள் முகம் தொங்கிப்போயிற்று.

"எல்லாம் இலவசம் சார்" என்றார் கம்பெனிக்காரர்.

"அப்பாடா! விட்டது சனி" என்றாள் மனைவி.

டாக்டர் அத்தோடு விட்டிருக்கலாம். லாரி ஓடுகிறது, அலமாரி பிழைத்தது. ஆனால் சோபாவுக்கு அடியில் என்ற வார்த்தை அவர் நெஞ்சில் இன்னும் குத்திக்கொண்டிருந்தது.

"மூடி யாருக்குய்யா வேணும்? மன்னிப்பு எங்கே? பாக்கெட்டுல மூடியே போடலைன்னு கைப்பட எழுதிக் கொடு!"

"சார், பாக்கெட்டுல கண்டிப்பா இருந்திருக்கும்..."

"பேசுங்க வக்கீல் சார்!"

வக்கீல் கோட்டைச் சரிசெய்துகொண்டார். "இருந்துதுன்னா எங்கேய்யா போச்சு? றெக்கை முளைச்சுப் பறந்துதா? என் கட்சிக்காரர் என்ன மூடியை முழுங்கிட்டாரா?"

தம் வாதம் தமக்கே பிடித்துப்போய், வக்கீல் தலையைப் பின்னால் சாய்த்து, வாயை அகலத் திறந்து ஹோ ஹோவென்று சிரித்தார். கூடவே டாக்டரும் சிரித்தார்.

தரையில் உட்கார்ந்தபடியே மன்னிப்பு எழுதப் பேனாவைத் திறந்த கம்பெனிக்காரர், அண்ணாந்து பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"சார், கோவிச்சுக்காதீங்க... வக்கீல் சாரோட கடைவாய்ப் பல்லுல எங்க நட்சத்திரம் இருக்கு."