புயல் தெய்வங்களின் காரியதரிசி

வாசகரே, நம் கரையோரங்களில் ஓர் இனம் உண்டு. வெயில் நாட்களில் அது சாதாரண மனிதரைப் போலவே காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கும், கருவாடு காயப்போடும், யார் கண்ணிலும் படாது. மேற்கே வானம் கறுக்கவேண்டும், அப்போதுதான் வெளிப்படும். அதன் பெயர், புயல் தெய்வங்களின் காரியதரிசி.

இந்த இனத்துக்கு எங்கள் கற்பிட்டிப் பக்கத்து மாதிரி, நிக்கொலஸ். முதல் இடி இடித்ததும் மற்றவர்கள் எதையெல்லாம் உள்ளே எடுக்கலாம் என்று ஓடுவார்கள்; இவரோ அது யாருடைய இடி என்று விசாரிப்பார். கிரேக்கரின் சியூஸ் என்றால் இடியைக் கையால் எறிவார், இந்திரன் என்றால் வச்சிராயுதம், பாபிலோனின் அதாத்துக்குக் கையில் மின்னல், காலடியில் காளை என்று, கைப்பேசியில் பார்த்ததையெல்லாம் மூச்சு விடாமல் ஒப்புவிப்பார். ஞாயிறு பூசை முடிந்த கையோடு கானானியரின் பாகாலிடம் போய்விடுவார். பங்குச் சுவாமிக்கு இதில் கொஞ்சம் மனவருத்தம்.

போன கிழமை நடந்ததைக் கேளுங்கள். எல்லா மீன்பிடிப் போட்டையும் கரைக்கு இழுத்தாயிற்று, இவருடையதுதான் மிச்சம். அந்த வீட்டுக்குச் சோறு போடுவது அது ஒன்றுதான். மனைவி யூஜினியின் தம்பி கிளைட்டன் பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றை இழுக்கிறான். இவரும் கயிற்றைப் பிடித்திருந்தார். பிடித்துத்தான் இருந்தார்.

"இடித் தெய்வம் தோர்ட தேர ரெண்டு ஆடுதான் இழுக்கும், தெரியுமா மச்சான்?"

"இங்க ஆடில்ல மச்சான். நீங்க இழுங்க!"

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து யூஜினி கத்தினார். "இந்தாங்க, கச்சான் வந்திட்டுது!"

எங்கள் கடலில் கச்சான் என்றால் மேல்காற்று. கடையில் கச்சான் என்றால் நிலக்கடலை. கரையில் பிறந்த எந்தப் பிள்ளையாவது இதில் குழம்புமா? காரியதரிசி குழம்பினார்.

"வறுத்ததா, அவிச்சதா?" என்று கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பினார்.

வந்தது காற்று. அலை போட்டைத் தூக்கிக் கவிழ்த்து, எஞ்சினுக்கு வயிறு நிறைய உப்புத்தண்ணீர் கொடுத்தது.

"இது பாகால்ட வேலையில்ல," என்றார் நிக்கொலஸ், சொட்டச் சொட்ட நனைந்தபடி. "அவரோட சண்டை பிடிச்ச கடல் தெய்வம் ஒண்டு இருக்கு, யாம் எண்டு..."

"ஓம். நாளைக்குத் தொழிலுக்கும் அந்தத் தெய்வத்தையே அனுப்புங்க," என்றார் யூஜினி.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உண்மையைச் சொல்லுங்கள், இவ்வளவையும் வாசிக்கும்போது 'ஜப்பானின் சுசானோவை விட்டுவிட்டாரே' என்று மனம் ஒருதரம் துறுதுறுத்ததா, இல்லையா? துறுதுறுத்ததென்றால் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே எட்டிப் பாருங்கள். மழையில் துணிக்கொடியில் நனைந்து தொங்கும் அந்தச் சாரம் உங்களுடையதுதானே?