தீர்த்தகிரி எழுந்து நின்றது

பாப்பிரெட்டிப்பட்டியில் மைத்துனர்கள் வைத்த கெடா விருந்தில் தீர்த்தகிரி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வயிறாரச் சாப்பிட்டார். எழுந்திருக்கத்தான் முடியவில்லை. கையை ஊன்றினார். இலை கிழிந்தது, இடுப்பு நகரவில்லை. கடைசியில் இரண்டு மைத்துனர்களும் ஆளுக்கொரு கக்கத்தில் கை கொடுத்து, நெல் மூட்டையை வண்டியேற்றுவது போலத் தூக்கி நிறுத்தினார்கள்.

ஓடும் பஸ்சில் நின்றபடியே டிக்கெட் கிழித்துக் காலம் தள்ளிய கண்டக்டர் அவர். ஓய்வு பெற்றதிலிருந்து அத்தனை வருஷத்துக்கும் சேர்த்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டிருந்தார். விருந்துக்குப் பிறகு மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. மறுநாளே தர்மபுரிக்குப் போய் டாக்டர் ஆஷிகாவைப் பார்த்தார்.

“வாலிப உடம்பு ஒரு முட்டை உள்ளே போனாலே சதை கட்ட ஆரம்பிச்சிடும். வயசானா அந்த வேலை மந்தமாயிடும்” என்றார் டாக்டர். “அதனால ஒவ்வொரு வேளையும் புரதம் கூடுதலா சாப்பிடுங்க. கூடவே உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருங்க. தசைக்கு வேலை குடுத்தாத்தான் தின்னது சதையாகும்.”

நல்லம்பள்ளி வந்து சேர்வதற்குள் டாக்டர் சொன்னதில் பாதியைத் தீர்த்தகிரி வழியிலேயே இறக்கிவிட்டார்.

“என்ன சொன்னாங்க?” என்றாள் மனைவி நிர்மலா.

“சத்து பத்தலையாம். காலைல முட்டை, ராத்திரி நாட்டுக்கோழி. நடுவுல மீன் இருந்தா நல்லதாம்.”

“வேற?”

“நல்லா ரெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க.”

நிர்மலா மேற்கொண்டு கேட்கவில்லை. முட்டை வந்தது. கோழி வந்தது. அந்த வாரமே வீட்டு நாற்காலிகளைக் காணோம்.

“பக்கத்துத் தெரு காளியப்பன் வூட்டுல காதுகுத்துங்க. கேட்டாங்க, குடுத்துட்டேன்.”

“டேபிளு?”

“கால் ஆடுச்சு. கார்பென்டர் எடுத்துக்கிட்டுப் போயிருக்காரு.”

“கட்டிலையாச்சும் விட்டு வெச்சிருக்கலாமில்ல?”

“வாசல்ல போட்டு வத்தல் காய வெச்சிருக்கேன். பொழுது சாய்ஞ்சா உள்ள வந்துடும்.”

தரைதான் கதி. காப்பிக்கு உட்கார்ந்தால் பேப்பர்காரன் வருவான். பேப்பரோடு உட்கார்ந்தால் உள்ளே போன் அடிக்கும். தீர்த்தகிரியோ எதையும் உடனே போய்ப் பார்க்காவிட்டால் தவித்துப்போகிற ஆள். ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்தார். கதவைப் பிடித்து எழுந்தார். முனகிக்கொண்டே எழுந்தார்.

“அந்தக் காதுகுத்து இன்னுமா முடியல?”

“மூணு புள்ளைங்க. ஆறு காது இருக்குதில்ல?”

நாளாக ஆக ஜன்னல் கம்பி தேவைப்படவில்லை. அதை அவர் கவனிக்கவும் இல்லை.

ஆடியில் குடும்பத்தோடு ஒகேனக்கல் போனார்கள். பரிசல் கரை தட்டியதும், முதலில் இறங்கிய மைத்துனர்கள் இருவரும் கையை நீட்டிக்கொண்டு தயாராக நின்றார்கள். ஆடுகிற பரிசலுக்குள்ளிருந்து தீர்த்தகிரி யார் கையையும் பிடிக்காமல் எழுந்தார். கரையில் கால் வைத்தார். நீட்டிய கைகள் நீட்டியபடியே நின்றன.

மீன் வறுக்கிற கடையில் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. “பாத்தியா நிர்மலா, எல்லாம் கோழி பண்ணுன வேலை.”

“கோழி பாதிங்க. நீங்க வந்த அன்னைக்கே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு மீதிப் பாதியையும் கேட்டுக்கிட்டேன்.”

அவர் மீனை மென்றுகொண்டே யோசித்தார். ஒவ்வொன்றாக விளங்கியது. அவளிடம் கோபப்படவும் வழியில்லை, கால்கள் அவ்வளவு நன்றாக இருந்தன.

“சரி, நீ கெட்டிக்காரிதான். ஊருக்குப் போனதும் அந்த நாற்காலிங்கள வாங்கிக்கிட்டு வந்துடு.”

“வித்தாச்சுங்க. இத்தன நாளு தின்ன கோழி வேற எப்படி வந்துச்சுன்னு நெனச்சீங்க?”