ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது

என் சமையலறைக்கு ஜன்னல் கிடையாது. எண்ணெயில் மிளகாயைப் போட்டால் வீடே இருமும். "சுவரில் ஒரு ஓட்டை போட்டு ஃபேன் மாட்டிக் கொடுங்க" என்று பதினொரு வருடமாகக் கேட்கிறேன்.

என் வீட்டுக்காரர் அரசு அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். போன மாதம் அவர் மேஜைக்கு ஒரு புதுச் சட்டம் வந்தது. எண்பது வயது தாண்டிய வீடுகளைப் பாரம்பரியச் சின்னமாகப் பதிவு செய்யலாமாம். எங்கள் வீட்டுக்கு எண்பத்திரண்டு. அன்றே மனு போட்டுவிட்டார்.

"இனி இந்த வீட்டுல ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது. சட்டம்!" என்றார், கூடத்துச் சாய்வு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு. இரண்டு ஜன்னல், டிவி, காற்று எல்லாம் அங்கேதான்.

"அப்போ என் ஃபேன்?"

"வீடு பாரம்பரியம்னா புகையும் பாரம்பரியம்தான்டி."

"இருமி இருமியே நான் செத்தா?"

"அதுக்குத் தனியா ஒரு சட்டம் வரும்."

எனக்கு வேறு பயம். அதிகாரி வந்து ஏதாவது காகிதம் கேட்டு, இல்லையென்றால் அபராதம் போட்டுவிட்டால்? பீரோவைக் கவிழ்த்து, மாமனார் காலத்து வீட்டு வரைபடத்தைத் தேடி எடுத்தேன். விரித்துப் பார்த்தேன். பேசாமல் மடித்து வைத்தேன்.

அதிகாரியாக ஒரு அம்மா வந்தார்.

"பழைய வரைபடம் இருக்கா சார்?"

"எண்பது வருஷம் ஆச்சே மேடம், எங்க இருக்கப் போகுது?"

"இதோ இருக்குங்க" என்று நீட்டினேன்.

அந்த அம்மா வரைபடத்தில் விரலை ஓட்டினார். "கூடம்னு சொல்றீங்களே, இதுதான் சமையலறை. உள்ள அடுப்பு இருக்கே, அது மூட்டை போடற அறை. பதினாலாம் பிரிவுப்படி, எந்த அறை எதுக்குக் கட்டினதோ அதுக்குத்தான் பயன்படுத்தணும். முப்பது நாள்ல மாத்திடுங்க."

"மனுவைத் திரும்ப வாங்கிக்கறேனே?"

"நேத்தே பதிவாயிடுச்சு சார்."

அந்த அம்மா போனதும் இவரிடம் கேட்டேன். "சட்டத்தை நீங்கதானே திருத்தினீங்க?"

"எழுத்துப் பிழையைத்தான் பார்த்தேன். என்ன எழுதியிருக்குன்னு பார்க்கலை."

இப்போது என் அடுப்பு ஜன்னலோரம். சாய்வு நாற்காலி உள்ளறையில். நேற்று அங்கிருந்து வியர்வையில் சட்டையெல்லாம் நனைந்து இவர் வெளியே வந்தார்.

"ஏம்மா, அந்தச் சுவத்துல சின்னதா ஒரு ஃபேன் மாட்டலாமா? சுத்தியல் எங்க?"

"ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாதுங்க" என்றேன். "சட்டம்."