சல்லடைக்காரரும் காணாமல் போன தேக்சாக்களும்

பாலாற்றில் வெள்ளம் வந்தால் ஊரே கையெடுத்துக் கும்பிடும். சல்லடைக்காரர் மட்டும், "இவ்வளவு தண்ணி இதுக்கு ஏது?" என்று கேட்பார். அவரைப் போல ஒரு சந்தேகப் பிராணி வட ஆற்காடு ஜில்லாவில் அதற்கு முன்னும் பிறந்ததில்லை, பின்னும் பிறக்கப் போவதில்லை.

நெருப்பு இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்காக, எரிந்த வீடுகளைப் பார்வையிட்டுப் பணம் கொடுக்கலாமா கூடாதா என்று எழுதுவது அவர் உத்தியோகம். பட்டணத்திலிருந்து வருவார். கையில் எப்போதும் ஒரு பித்தளைச் சல்லடை. வீட்டைப் பறிகொடுத்தவன் மாரில் அடித்துக்கொண்டு அழுவான். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவன் வீட்டுச் சாம்பலைக் கோதுமை மாவு மாதிரி சலித்துக்கொண்டிருப்பார். நான் வேலூரில் வக்கீல். இந்த வழக்குகளில் வீட்டுக்காரர் பக்கம் நிற்கிறவன். ஆகவே அவருக்கும் எனக்கும் கீரிக்கும் பாம்புக்கும் உள்ள உறவு.

யார் வீட்டிலும் அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார், கூஜாவோடுதான் நடமாட்டம். என் ஆபீசில் காப்பி கொடுத்தால், "நீங்க மொதல்ல ஒரு வாய் குடிங்க" என்பார். குடித்துக் காட்டினால், "வக்கீல் குடிச்சதுக்காக நம்பிடறதா?" என்று டம்ளரை நகர்த்திவிடுவார். அவர் வருகிற நாளெல்லாம் எனக்கு இரண்டு காப்பி. மாதனூரில் ஒரு வைக்கோற்போர் எரிந்தபோது, தாடி கருகிய வெள்ளாடு ஒன்றைக் கட்டிவைத்து அரை நாள் சுற்றிச் சுற்றி வந்தார். ஆடு நிரபராதி என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் அதை மேய விட்டார்கள்.

இப்படிப்பட்டவரிடம்தான் ஆம்பூர் ரஹீம் பாய் மாட்டினார்.

ரஹீம் பாய் தோல்ஷாப்பு மேஸ்திரி. இரண்டு வீடு தள்ளி அவருடைய அண்ணன் காதர் பாய். பாகப்பிரிவினையில் ஒரு குட்டிச்சுவருக்காகச் சண்டை போட்டுக்கொண்டு, இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. "என் வூட்டுக் கரண்டிகூட அந்த வூட்டு வாசப்படி தாண்டாது" என்று ரஹீம் பாய் நடுத்தெருவில் நின்று சத்தியம் செய்திருந்தார்.

அவர் தோல் கட்டுகளோடு பட்டணம் போயிருந்த ஒரு நாளில், அணையாத அடுப்புத் தணலிலிருந்து வீடு பற்றிக்கொண்டது. மனைவி ஜுலேகா பீவியும் பிள்ளைகளும் வெளியே போயிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. பாய் திரும்பியபோது நாலு சுவரும் சாம்பலும்தான் மிச்சம். கட்டில், பெட்டி, பிரியாணி ஆக்குகிற ஐந்து பெரிய செம்புத் தேக்சாக்கள் உட்பட எல்லாம் நாசம் என்று அவர் சொல்ல, நான் கம்பெனிக்கு எழுதினேன்.

சல்லடைக்காரர் வந்தார். சலித்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மறுபடியும் சலித்தார்.

"பாய், கட்டில் எரிஞ்சா சாம்பல் இருக்கும். பெட்டி எரிஞ்சா ஆணி இருக்கும். செம்பு எரிஞ்சா?"

"கறுத்துப் போவும் சாமி."

"கறுத்த தேக்சா எங்கே? பொணம் இல்லாம கொலைக் கேஸ் குடுத்திருக்கீங்களே!"

பாய் காலால் சாம்பலைக் கிளறிப் பார்த்தார். "எரியற வூட்ல புடுங்குனது லாபம்னு எவனோ தூக்கினு போய்ட்டான் சாமி! இந்தத் தெருவுல ஒருத்தனையும் நம்ப முடியாது!"

"நெருப்புக்குள்ள பூந்து, அஞ்சு தேக்சாவையா?"

சாமானை முன்பே அப்புறப்படுத்திவிட்டு வீட்டைத் தானே கொளுத்தினார் என்று கம்பெனி சொல்லும். பாலிசி ரத்தாகும். மேற்கொண்டு மோசடி வழக்கு வரும். வீடு போன பாய்க்கு வேலூர் ஜெயில்தான் வீடு. உண்மையைச் சொன்னால், எனக்கே பாய் மேல் சந்தேகம் தட்டிவிட்டது. பாய்க்குத் தெரு மேல் சந்தேகம், தெருவுக்குப் பாய் மேல் சந்தேகம். சல்லடைக்காரர் மட்டும் மாமியார் வீட்டு விருந்துக்கு வந்தவர் மாதிரி மலர்ந்திருந்தார்.

மறுநாள் வீடு வீடாகப் புழக்கடையில் நுழைந்தார். காதர் பாய் வீட்டு ஆட்டுக் கொட்டகையில், கோணிக்கு அடியில் ஐந்து தேக்சாவும் குந்தியிருந்தன. கழுத்தில் 'ரஹீம்' என்று பேர் வெட்டியிருந்தது. காதர் பாயைக் கேட்டால் ஆட்டுக்குத் தழை போடப் போய்விட்டார். கேஸ் முடிந்தது என்று நான் குடையை எடுத்துக்கொண்டேன்.

சல்லடைக்காரர் எழுந்திருக்கவில்லை. ஒரு தேக்சாவுக்குள் தலையை விட்டு, அடியை நகத்தால் சுரண்டி, முகர்ந்து பார்த்தார்.

"சந்தேகமா இருக்கே."

"இன்னும் என்ன சார் சந்தேகம்?"

"ஒளிச்சு வெக்கறவன் அதுல எதுக்குப் பிரியாணி ஆக்கறான்?"

தெருவில் விசாரித்ததில், வீடு எரிந்த அன்று காதர் பாய் மகளுக்கு நிக்காஹ் என்று தெரிந்தது. சல்லடைக்காரர் நேரே ரஹீம் பாய் தங்கியிருந்த ஒண்டுக்குடித்தனத்துக்கு நடந்தார். பாயைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, திரைக்குப் பின்னாலிருந்த ஜுலேகா பீவியிடம், "அம்மா, தேக்சா கிடைச்சுட்டுது. எப்படி அங்கே போச்சுன்னு நீங்க சொன்னா, வீட்டுக்குப் பணம் குடுக்கச் சொல்லி எழுதறேன். சொல்லலேன்னா எனக்கு வேற வழியில்லே" என்றார்.

திரைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"நாந்தான் குடுத்தேன். நிக்காஹ் அன்னிக்கு வேணும்னே இவரு பட்டணம் போய்ட்டாரு. ரயில் ஏறுனதும் குடுத்தனுப்பிட்டு, புள்ளைங்களோட நானும் அங்கதான் போனேன். எங்க மாமனாரு வாங்கி, பாகத்துல எங்களுக்கு வந்த தேக்சா அது. அவரு பேத்தி நிக்காஹுக்கு ஊரான் வூட்டுப் பாத்திரத்துலயா சோறாக்குறது?"

"நான் சத்தியம் பண்ணியிருக்கேனே!" என்று பாய் கத்தினார்.

"நீங்க பண்ணீங்க. நான் பண்ணலியே."

பாய் எழுந்து அடித்துவிடுவாரோ என்று நான் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டேன்.

"அரிசி யாருது?" என்றார் கடைசியில்.

"அதுவும் நம்மளுதுதான்."

"நெய்யி?"

"கொஞ்சம் ஜாஸ்தியாவே குடுத்தேன்."

பாயின் கண் கலங்கிவிட்டது. "அப்போ... நிக்காஹ் நல்லா நடந்துதா?"

சல்லடைக்காரர் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். சாம்பல் ஏறிவிட்டது என்றார். அன்று அவர் சாம்பல் பக்கமே போகவில்லை.

பாத்திரம் போன சங்கதி வீட்டுக்காரருக்குத் தெரியாது, பொய்யேதும் இல்லை, தேக்சாவைக் கழித்துவிட்டு மற்றதைக் கொடுக்கலாம் என்று அவர் எழுதினார். கம்பெனி கொடுத்தது. புது வீட்டில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து அதே தேக்சாக்களில் விருந்து ஆக்கினார்கள். சல்லடைக்காரர் கூஜாவோடு வந்து பந்தியில் உட்கார்ந்தார். தம்பியைச் சாப்பிடச் சொன்னார், அண்ணனைச் சாப்பிடச் சொன்னார், என்னைச் சாப்பிடச் சொன்னார். பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மூன்றாம் முறை பரிமாறும்போது, "இன்னும் சந்தேகம் தீரலே" என்றார்.

நெருப்பு வழக்குகளில் பிறகு அவர் வேலைக்கு வந்த எத்தனையோ நல்ல மனிதர்களைப் பார்த்துவிட்டேன். எல்லோரும் பாதிவரை சந்தேகப்பட்டுவிட்டு ரயிலைப் பிடிக்கப் போய்விடுகிறார்கள். என் வீடு எரிந்தால் சலிக்க அவர் வருவார் என்று ஒரு காலத்தில் தைரியமாகத் தூங்கினேன். இப்போது அவர் இல்லை. அடுப்பை நானே இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன்.